கிரெயின் மாடலில் வால்யூம் மெஷ் ஆகவில்லையா? ஒரு படி கீழே இறங்கிப் பாருங்கள்

100 கிரெயின் (உலோகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னப் படிகங்கள்) கொண்ட ஒரு கனசதுரம். திரையில் பார்க்க அழகாக இருக்கிறது. மெஷ் போடச் சொன்னால், அதாவது கணக்கீட்டுக்காக அதை எலிமென்ட் எனும் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கச் சொன்னால், பத்து நிமிடம் ஓடிவிட்டு, பரப்புகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று சொல்லி நின்றுவிடுகிறது. புதிதாக வருபவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று எனக்கு மனப்பாடம்: எலிமென்ட் அளவைப் பாதியாக்குவார்கள். மறுபடி நின்றால் இன்னும் பாதி. மூன்றாவது முறை கணினியே நின்றுவிடும்.

வால்யூம் மெஷ் போடும் நிரலுக்கு வேலை உள்ளே நிரப்புவது மட்டும்தான். சுற்றியிருக்கும் பரப்பை நாம் கொடுக்கிறோம். பரப்பில் கோளாறு இருந்தால் அது பெரும்பாலும் மூன்று கிரெயின்கள் கூடும் கோட்டிலிருந்து வந்திருக்கும். கோட்டில் கோளாறு என்றால் நான்கு கிரெயின்கள் கூடும் புள்ளியிலிருந்து. எனவே பிழை வந்த இடத்தில் மல்லுக்கட்டாமல் ஒரு பரிமாணம் கீழே இறங்கிப் பாருங்கள். கீழே வரும் படிகளின் வரிசை இதை வைத்துத்தான்.

ஒரு சொல் ஏற்பாடு: மூன்று கிரெயின் சந்திக்கும் கோட்டை முச்சந்திக் கோடு என்றும், நான்கு சந்திக்கும் புள்ளியை நாற்சந்திப் புள்ளி என்றும் எழுதுகிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிரெயின் மாடல் இரண்டு வழியில் வரும். ஒன்று, நெப்பர் மாதிரி நிரலில் வோரனாய் முறையில் (தூவிய புள்ளிகளில் எது அருகில் என்று பார்த்து இடத்தைப் பிரிப்பது) செயற்கையாக உருவாக்கியது. இதற்கு மெஷ் போடுவது ஜிமெஷ். இன்னொன்று, இபிஎஸ்டி (எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகத் திசையை அளக்கும் முறை) அடுக்குகளிலிருந்தோ எக்ஸ்-ரே அளவீட்டிலிருந்தோ வந்த வாக்ஸல் தரவு (குட்டிக் கனசதுரங்களின் அடுக்கு), இது ட்ரீம்.3டி வழியாகப் பரப்பாக மாறி டெட்ஜென் என்ற மெஷ் நிரலுக்குப் போகும். உங்களுடையது எது என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள். இரண்டிலும் வியாதி வேறு, மருந்து வேறு.

பார்ப்பதற்கு பாராவியூ, கோப்பு மாற்றுவதற்கும் சோதனைக்கும் பைத்தானும் மெஷ்ஐஓ-வும் போதும். மூல வாக்ஸல் கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள். ஒவ்வொரு படியின் விளைவையும் தனிப் பெயரில் சேமியுங்கள். ஒரே கோப்பின் மேல் எழுதிக்கொண்டே போனால் எந்தப் படியில் கெட்டது என்று பிறகு தெரியாது.

எலிமென்ட் அளவைத் தோராயமாக முன்பே கணக்கிடுங்கள். நான்முகி (நான்கு முக்கோண முகம் கொண்ட எலிமென்ட்) ஒன்றின் கன அளவு, அதன் விளிம்பு நீளத்தின் மும்மடியில் சுமார் 0.118 பங்கு. பக்கம் 1 உள்ள கனசதுரத்தில் 100 கிரெயின் என்றால் சராசரி கிரெயினின் விட்டம் சுமார் 0.27. கிரெயினுக்கு 100 எலிமென்ட் வேண்டுமென்றால் விளிம்பு நீளம் சுமார் 0.095 வரும். இந்த 0.095-ஐ ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். இனி வரும் படிகளில் எது சின்னது, எது பெரியது என்பதெல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான்.

## 2. நான்முகி மெஷ் உண்மையிலேயே தேவையா?

இதைக் கேட்காமலே இரண்டு வாரம் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது மொத்தக் கனசதுரத்தின் சராசரி இழுவிசை வளைகோடு மட்டும் என்றால், ஒவ்வொரு வாக்ஸலையும் ஒரு எட்டு நோடு (முனைப் புள்ளி) எலிமென்டாக எடுத்துக்கொள்ளலாம். மெஷிங் பிழை என்ற பேச்சே எழாது. எல்லைகள் படிக்கட்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். டமாஸ்க் போன்ற நிரலின் ஸ்பெக்ட்ரல் சால்வர் (அழுத்தக் கணக்கைப் போடும் பகுதி) வாக்ஸல் கட்டத்தை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்.

கிரெயின் எல்லையில் அழுத்தம் எவ்வளவு, விரிசல் எங்கே தொடங்கும், எல்லை எவ்வளவு வழுக்கும் என்பது கேள்வியானால் படிக்கட்டு உதவாது. ஒவ்வொரு படி முனையிலும் பொய்யான அழுத்தக் குவிப்பு வரும். அப்போதுதான் கீழே உள்ள வேலை தேவைப்படுகிறது.

## 3. அலகையும் தசமத்தையும் சரிபார்த்தல்

கோப்பைத் திறந்து ஆயத்தொலைவுகள் எந்த அளவில் இருக்கின்றன என்று பாருங்கள். மீட்டரில் இருந்தால் உடனே மைக்ரோமீட்டருக்கு மாற்றுங்கள்.

காரணம், மெஷிங் நிரல்களில் எந்த இரு புள்ளிகளை ஒன்றாகக் கருதுவது என்று ஒரு சகிப்பு அளவு உண்டு. ஜிமெஷில் அது இயல்பாக 0.00000001. மாடல் முழுவதுமே 0.0001 மீட்டர் என்றால், நுண்ணிய விளிம்புகள் அந்தச் சகிப்பை நெருங்கிவிடும்.

இதைவிட மோசமானது எழுதும்போது தசமம் வெட்டுப்படுவது. என் சொந்தக் கதை: 20 மைக்ரோமீட்டர் கிரெயின்கள் உள்ள மாடலை மீட்டரில் வைத்து, ஆறு தசம இடத்தோடு கோப்பாக எழுதினேன். 0.0000213 என்று இருந்த புள்ளி 0.000021 ஆகிவிட்டது. அதாவது எல்லாப் புள்ளியும் 1 மைக்ரோமீட்டர் கட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அருகருகே இருந்த பரப்புகள் வெட்டிக்கொண்டன. மூன்று நாள் மெஷரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் எழுதும் வரியில் இருந்தது.

எஸ்டிஎல் கோப்பிலும் கவனம் வேண்டும். அதில் ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று முனைகளைத் தனியாகச் சுமக்கும். பக்கத்து முக்கோணத்தோடு முனையைப் பகிர்ந்துகொள்ளும் தகவல் கிடையாது. ஒவ்வொரு கிரெயினையும் தனித்தனி எஸ்டிஎல்-ஆக எடுத்து, தனித்தனியாகச் சுத்தம் செய்து, முக்கோணங்களைக் குறைத்து, பிறகு ஒன்றாகச் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இரண்டு கிரெயினுக்கும் பொதுவான முகம் இரண்டு விதமாக மாறிவிடும். சில இடத்தில் இடைவெளி, சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று. அதைப் பிறகு ஒட்டவைக்க முடியாது. திரும்பப் போவதுதான் வழி. பொது முகம் எப்போதும் ஒரே ஒரு முறைதான் கோப்பில் இருக்க வேண்டும்.

## 4. எத்தனை கிரெயின் தோற்கிறது என்று எண்ணுதல்

பிழைச் செய்தியில் ஒரு முக்கோணத்தின் எண்ணோ முகத்தின் எண்ணோ இருக்கும். அதை மட்டும் நம்பி அந்த இடத்தைத் தோண்டாதீர்கள். நிரல் முதலில் இடறிய இடத்தைச் சொல்கிறது. அதோடு தேடலை நிறுத்திவிட்டது.

ஒவ்வொரு கிரெயினின் மூடிய பரப்பையும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக வால்யூம் மெஷ் போட்டுப் பார்க்க ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதுங்கள். 100 கிரெயினுக்கு ஓடி முடிய சில நிமிடங்கள்தான். இது சோதனைக்கு மட்டும், மெஷை இதிலிருந்து எடுக்கக்கூடாது. தோற்ற கிரெயின்களின் எண்களைப் பட்டியலாக எழுதிக்கொண்டு, எவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள்.

ஒட்டியிருக்கும் இரண்டு கிரெயின் சேர்ந்து தோற்றால் கோளாறு அவற்றின் பொது முகத்தில். ஒன்றைச் சுற்றி ஒன்றாக மூன்று தோற்றால் முச்சந்திக் கோட்டில். நான்கு என்றால் நாற்சந்திப் புள்ளியில். கனசதுரத்தின் வெளி முகத்தில் இந்தக் கணக்கில் ஒன்று குறையும், ஏனென்றால் வெளியே கிரெயின் இல்லை.

உள்ளே இருக்கும் ஒரே ஒரு கிரெயின் மட்டும் தோற்று, அண்டையில் எதுவும் தோற்கவில்லை என்றால்? அந்தக் கிரெயின் மிக மெலிதானது. அதன் இந்தப் பக்கத்து முகமும் அந்தப் பக்கத்து முகமும் ஒன்றையொன்று ஊடுருவிவிட்டன. அண்டைக் கிரெயின்கள் ஒவ்வொன்றும் அவற்றில் ஒரு முகத்தை மட்டுமே பார்க்கின்றன, அதனால் அவற்றுக்கு ஒரு குறையும் தெரியாது.

ஒருவேளை ஒன்றுகூடத் தோற்கவில்லை, ஆனால் மொத்த மாடல் தோற்கிறது என்றால், 3-வது படிக்குத் திரும்புங்கள். பொது முகங்கள் இரட்டையாக இருக்கின்றன.

## 5. வோரனாய் வழி: குட்டி விளிம்புகளை நீக்குதல்

புள்ளிகளைத் தற்போக்காகத் தூவிக் கட்டிய வோரனாய் கிரெயினுக்குச் சராசரியாக 15.5 முகங்கள் இருக்கும். அவற்றில் பல கண்ணுக்கே தெரியாத துண்டுகள். விளிம்புகளும் அப்படியே. நம் தாளில் எழுதிய அளவு 0.095, மாடலில் 0.002 நீள விளிம்பு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த விளிம்பின் இரு முனையும் மெஷில் நோடுகளாக இருந்தே தீரவேண்டும். ஆகவே அங்கே 0.002 அளவு எலிமென்ட், அதைச் சுற்றிக் கொஞ்சம் பெரியது, அதைச் சுற்றி இன்னும் பெரியது என்று ஒரு குப்பைக் குவியல் உருவாகும். எக்ஸ்ப்ளிசிட் முறையில் (நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நகர்த்தும் கணக்கு) ஓட்டினால் காலப்படி கிட்டத்தட்ட 47 மடங்கு சுருங்கும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது மிகச் சின்ன எலிமென்ட்தான்.

நெப்பரில் இதற்கு மருந்து ரெகுலரைசேஷன் ஆப்ஷன். இயல்பில் அது அணைந்திருக்கும். 1 என்று கொடுத்து இயக்க வேண்டும். இதைப் பலரும் மெஷ் போடும் பகுதியில் தேடுகிறார்கள். அது டெஸலேஷன் (இடத்தைக் கிரெயின்களாகப் பிரித்த அமைப்பு) உருவாக்கும் பகுதியில் இருக்கிறது. மெஷ் கட்டளையில் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று வருவார்கள்.

அது செய்வது இதுதான்: குட்டி விளிம்பை ஒரே புள்ளியாகச் சுருக்கிவிடும். அதனால் பக்கத்து முகங்கள் முழுத் தட்டையாக இல்லாமல் லேசாக வளையும். எவ்வளவு வளையலாம் என்பதற்கு இயல்பான வரம்பு 20 டிகிரி. இதை 5 ஆக்கினால் மாடல் ‘சுத்தமாக’ இருக்கும் என்று ஒருவர் குறைத்தார். விளைவு: எந்த விளிம்பையும் நீக்க முடியாமல் பழைய குப்பை அப்படியே இருந்தது. வரம்பைத் தொடாமல் விடுங்கள்.

எலிமென்ட் அளவையும் குட்டி விளிம்பு அளவையும் சேர்த்தே மாற்றுங்கள். நெப்பரில் சார்பு எலிமென்ட் அளவு ஆர்.சி.எல்., சார்புக் குட்டி விளிம்பு அளவு ஆர்.எஸ்.இ.எல். முன்னதை 1-இலிருந்து 0.5 ஆக்கினால் பின்னதையும் 0.5 ஆக்குங்கள். மெஷ் நுணுக்கமானால் நுண்ணிய விளிம்புகளை அதுவே தாங்கிக்கொள்ளும். தேவையில்லாமல் வடிவத்தைக் கெடுக்க வேண்டாம். ஆர்.சி.எல். பாதியானால் எலிமென்ட் எண்ணிக்கை எட்டு மடங்கு என்பதையும் மறக்காதீர்கள். 1-இல் கிரெயினுக்குச் சுமார் 100, அதாவது மொத்தம் 10,000. 0.5-இல் 80,000.

சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. மாடல் முழுவதிலும் புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து, முகங்களைக் கூட்டி, கிரெயின்களைக் கழித்தால் சரியாக 1 வர வேண்டும். வராவிட்டால் டெஸலேஷனே உடைந்திருக்கிறது, மெஷர் மேல் பழி போடாதீர்கள்.

இன்னொரு சோம்பேறி வழியும் சொல்கிறேன், வெட்கமே வேண்டாம். உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட மாதிரி முக்கியமில்லை, புள்ளியியல்ரீதியாக ஒரு 100 கிரெயின் மாடல் போதும் என்றால், ஐடி எண்ணை (புள்ளிகள் எப்படித் தூவப்படும் என்பதைத் தீர்மானிப்பது) 1-இலிருந்து 2 ஆக்கி மறுபடி உருவாக்குங்கள். ஒரு மணி நேரம் பழுதுபார்ப்பதைவிட இது மலிவு. மார்ஃபாலஜியை (கிரெயின் வடிவ வகை) இயல்பான வோரனாயிலிருந்து கிரெயின் வளர்ச்சி வகைக்கு மாற்றினாலும் கிரெயின்கள் உருண்டையாகி, உண்மையான உலோகத்துக்கும் நெருங்கி வரும்.

மெலிந்த இரட்டைப் படிக அடுக்குகள் (கிரெயினுக்குள் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிய பட்டைகள்) இருந்தால் அது தனிப் பிரச்சினை. 0.01 தடிமன் அடுக்குக்குள் இரண்டு எலிமென்ட் வைக்க 0.005 அளவு வேண்டும். அதையே மாடல் முழுவதற்கும் கொடுத்தால் சுமார் 6.8 கோடி எலிமென்ட். எனவே அடுக்குக்கு மட்டும் தனி அளவு கொடுங்கள்; கிரெயின் வாரியாக அளவு கொடுக்க நெப்பர் அனுமதிக்கிறது.

## 6. வாக்ஸல் வழி: பரப்பு எடுக்கும் முன் சுத்தம்

இங்கே வரிசை தப்பினால் எல்லாம் தப்பும். சுத்தம் முழுவதும் வாக்ஸலாக இருக்கும்போதே முடிய வேண்டும். முக்கோணமான பிறகு ஒரு வாக்ஸலை மாற்றுவது என்பது அறுவைச் சிகிச்சை.

முதலில், அளவீட்டில் விடுபட்ட வாக்ஸல்களை நிரப்புங்கள். அப்புறம் மிகச் சின்ன கிரெயின்களை நீக்குங்கள். 100 × 100 × 100 கட்டம் என்றால் மொத்தம் 10 லட்சம் வாக்ஸல். 100 கிரெயினுக்குச் சராசரி 10,000. அங்கே 12 வாக்ஸல் உள்ள ‘கிரெயின்’ என்பது பெரும்பாலும் அளவீட்டு இரைச்சல். நான் 50-க்குக் கீழே உள்ளதை அண்டைக் கிரெயினுக்குக் கொடுத்துவிடுவேன். உங்கள் பொருளில் உண்மையாகவே நுண் துகள்கள் இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஒரே எண் கொண்ட கிரெயின் இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்யும்போது இது அடிக்கடி நடக்கும். முகத்தோடு முகம் ஒட்டியிருப்பதை மட்டும் தொடர்பு என்று எடுத்து எண்ணுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். ஒரு தாளில் இரண்டுக்கு இரண்டு கட்டம் போடுங்கள். மேல் இடம் அ, மேல் வலம் ஆ. கீழ் இடம் ஆ, கீழ் வலம் அ. சதுரங்கப் பலகை மாதிரி. கிரெயின் அ-வின் இரு வாக்ஸல்களும் ஒரே ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. பரப்பாக மாற்றும்போது அந்த விளிம்பில் அ-வின் நான்கு முக்கோணங்கள் வந்து சேரும்; இரண்டுதான் வர வேண்டும். அந்த இடத்தில் உள்ளே எது, வெளியே எது என்றே சொல்ல முடியாது. மெஷர் அங்கே செத்துவிடும். இதைத் தேடி, நான்கில் ஒரு வாக்ஸலை மற்ற கிரெயினுக்கு மாற்றிவிடுங்கள். முனையில் மட்டும் தொடும் வாக்ஸல்களுக்கும் இதே வைத்தியம். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் புதிதாக ஒன்று பிறக்கலாம், அதனால் எண்ணிக்கை பூஜ்யம் ஆகும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி இங்கேதான் வந்திருக்கிறார்கள்.

## 7. பரப்பை மழமழப்பாக்குதல்

வாக்ஸலிலிருந்து எடுத்த பரப்பு படிக்கட்டாக இருக்கும். ட்ரீம்.3டி-யின் லாப்லாசியன் வடிகட்டி ஒவ்வொரு முனையையும் அண்டை முனைகளின் சராசரியை நோக்கி நகர்த்தும். நகரும் வேகத்தை லாம்டா எண் தீர்மானிக்கிறது. சாதாரண முகம், முச்சந்திக் கோடு, நாற்சந்திப் புள்ளி, வெளிப்பரப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி லாம்டா உண்டு.

எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பது புதியவர்களின் வழக்கம். வெளிப்பரப்பு லாம்டா பூஜ்யமாக இல்லாவிட்டால் கனசதுரத்தின் மூலைகள் சோப்புக்கட்டி மாதிரி தேய்ந்துவிடும். பிறகு எல்லை நிபந்தனை வைக்கத் தட்டையான முகமே இருக்காது. முச்சந்திக் கோட்டை முகத்தைவிட மெதுவாக நகர்த்துங்கள். கோடு வேகமாக ஓடினால் அதை ஒட்டிய முக்கோணங்கள் மடிந்து புரளும்.

குறைந்த லாம்டாவும் அதிகச் சுற்றும் நல்லது. பெரிய லாம்டாவும் சில சுற்றும் ஆபத்து. இந்த முறைக்குச் சுருக்கும் குணம் உண்டு. சின்ன கிரெயின்தான் அதிகம் சுருங்கும். மழமழப்பாக்கும் முன்பும் பின்பும் ஒவ்வொரு கிரெயினின் கன அளவையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஏதாவது ஒன்று 5 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் நான் சுற்றைக் குறைத்துவிடுவேன்.

அடுத்து முக்கோணங்களைக் குறைப்பது. வாக்ஸல் அளவு முக்கோணங்களை அப்படியே விட்டால் நான்முகியும் எல்லையில் அதே அளவுக்குக் கட்டுப்படும். ஆனால் குறைக்கும்போது முழு மாடலையும் ஒன்றாக எடுத்து, முச்சந்திக் கோட்டு முனைகளைப் பூட்டிவிட்டுக் குறையுங்கள்.

## 8. பரப்பைக் கண்ணால் அல்ல, எண்ணால் சோதித்தல்

பாராவியூவில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது சோதனை ஆகாது. ஒவ்வொரு கிரெயினின் பரப்பிலும் ஒவ்வொரு விளிம்பும் சரியாக இரண்டு முக்கோணங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஒன்று என்றால் ஓட்டை. நான்கு என்றால் மேலே சொன்ன சதுரங்கக் கோளாறு.

பிறகு முனைகளையும் முக்கோணங்களையும் எண்ணுங்கள். துளையில்லாத மூடிய பரப்பில் முக்கோண எண்ணிக்கை என்பது முனை எண்ணிக்கையின் இரு மடங்கில் 4 குறைவு. 37-வது கிரெயினுக்கு 1,204 முனை என்றால் 2,404 முக்கோணம் இருக்க வேண்டும். 2,408 இருந்தால் கிரெயின் வடை மாதிரி நடுவில் துளை விழுந்திருக்கிறது. அதன் வழியாக இன்னொரு கிரெயின் நுழைந்து போகிறது. 2,400 என்றால் பரப்பு இரண்டு துண்டு: உள்ளே இன்னொரு கிரெயின் முழுவதுமாக அடைபட்டிருக்கலாம், அல்லது கிரெயினே இரண்டாகப் பிரிந்திருக்கலாம். அடைபட்டது தவறில்லை, மற்றதற்கு வாக்ஸலுக்குத் திரும்ப வேண்டும்.

## 9. வால்யூம் மெஷ்: எல்லா ஆப்ஷனையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள்

டெட்ஜெனில் முதல் ஓட்டம் டி ஆப்ஷனோடு மட்டும், அதுவும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். அது மெஷ் போடாது, வெட்டிக்கொள்ளும் முக்கோணங்களைத் தேடித் தரும். பட்டியல் காலியாகும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இரண்டாவது ஓட்டம் பி, பெரிய எழுத்து ஒய் இரண்டும். தரக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். ஒய் என்பது நம் பரப்பு முக்கோணங்களைப் பிளக்காதே என்று சொல்வது. இது வெற்றியானால் பரப்பு நல்லது என்று பொருள். எலிமென்ட்கள் அசிங்கமாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம்.

மூன்றாவதில்தான் தரத்துக்கு க்யூ, கன அளவுக்குச் சிறிய ஏ. க்யூ-வை முதலிலேயே இறுக்கிக் கொடுத்தால், கூர்மையான கோணத்தில் இரண்டு முகம் சேரும் இடத்தில் நிரல் புள்ளி மேல் புள்ளி சேர்த்துக்கொண்டே போகும். 2-இல் தொடங்கி 1.4 வரை இறங்குங்கள்.

எந்த நான்முகி எந்தக் கிரெயின் என்று குறிக்கப் பெரிய ஏ. அதற்கு ஒவ்வொரு கிரெயினுக்குள்ளும் ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். எல்லோரும் மையப் புள்ளியைக் கொடுக்கிறார்கள். வோரனாய் கிரெயின் குவிந்த வடிவம், அதனால் மையம் உள்ளேதான் இருக்கும். வாக்ஸல் கிரெயின் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் மையம் பக்கத்துக் கிரெயினில் விழும். எல்லையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் வாக்ஸலின் மையத்தைக் கொடுங்கள்.

ஜிமெஷில் இதே தத்துவம் கட்டளையிலேயே இருக்கிறது. 1, 2, 3 என்று பரிமாணம் கொடுத்து ஓட்டலாம். 1-இல் நிறுத்திக் கோடுகளைப் பாருங்கள், 2-இல் நிறுத்திப் பரப்பைப் பாருங்கள், பிறகு 3. முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன என்ற பிழை 3-இல் வந்தால், 2-இன் விளைவில் அந்த இரண்டு முகங்களை மட்டும் தனியாகத் திறங்கள். கிட்டத்தட்ட இணையாகப் போய்க் கூர்மையாகச் சேரும் இரண்டு முகங்கள் தெரியும். அங்கே மட்டும் எலிமென்ட் அளவைக் குறைப்பது நியாயம். பரப்பு சுத்தமாக இருந்தும் 3டி நின்றால் மட்டும் அல்காரிதத்தை மாற்றிப் பாருங்கள்: இயல்பான டெலானே 1, ஃப்ரன்டல் 4, எச்எக்ஸ்டி 10.

## 10. சீவல் எலிமென்ட்களைப் பிடித்தல்

மெஷ் ஆகிவிட்டது, தர எண்ணும் நன்றாக இருக்கிறது, ஆனால் சால்வர் சில எலிமென்ட்களின் கன அளவு பூஜ்யம் என்கிறது. எப்படி?

டெட்ஜெனின் க்யூ அளப்பது, நான்முகியைச் சூழும் கோளத்தின் ஆரத்தை மிகச் சின்ன விளிம்பால் வகுத்த எண்ணை. ஒழுங்கான நான்முகிக்கு அது 0.612. இப்போது ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் எடுத்து, அதையே நான்முகி என்று சொல்லுங்கள். கன அளவு பூஜ்யம். ஆனால் அதன் ஆர-விளிம்பு விகிதம் 0.707! 1.4 என்ற வரம்பைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடும். கத்தரிக்காய் சீவல் மாதிரி தட்டையான இந்த எலிமென்டைத்தான் ஸ்லிவர் என்கிறார்கள்.

எனவே வேறு அளவுகோல் வேண்டும். உள்ளே அடங்கும் கோளத்துக்கும் வெளியே சூழும் கோளத்துக்கும் உள்ள ஆர விகிதத்தை 3-ஆல் பெருக்குங்கள்: ஒழுங்கானதற்கு 1, தட்டைக்கு 0. 0.1-க்குக் கீழே உள்ளவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அவை மாடலின் உள்ளே சிதறிக் கிடந்தால் மெஷ் ஆப்டிமைசர் சரிசெய்துவிடும். ஜிமெஷில் நெட்ஜென் ஆப்டிமைசரையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒரே கோட்டில் வரிசையாகக் கிடந்தால் ஆப்டிமைசர் ஒன்றும் செய்யாது. அந்த முச்சந்திக் கோட்டில் குட்டி விளிம்பு இருக்கிறது, 5 அல்லது 7-வது படிக்குப் போங்கள்.

சராசரித் தரத்தை அறிக்கையில் போட்டு மகிழாதீர்கள். 80,000 எலிமென்டில் ஒன்று கெட்டாலும் ஓட்டம் நின்றுவிடும். பார்க்க வேண்டியது மிக மோசமான எண்.

## 11. சால்வருக்குக் கொண்டுபோகும்போது

எல்லா எலிமென்டும் எதிர்மறைக் கன அளவு என்று வந்தால் பயப்படாதீர்கள், அது தரக் கோளாறு அல்ல. படத் தரவில் ஒய் அச்சு கீழ்நோக்கி இருக்கும். அதைத் திருப்பும்போது மாடல் கண்ணாடிப் பிம்பமாகி நோடு வரிசை தலைகீழாகிறது. ஒவ்வொரு எலிமென்டிலும் இரண்டு நோடை இடம் மாற்றினால் தீர்ந்தது. ஆனால் கிரெயின் திசைக் கோணங்களையும் (ஒவ்வொரு படிகமும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது) அதே அச்சு முறைக்கு மாற்றினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் உருமாற்றம் (விசையை எடுத்தாலும் திரும்பாத நிரந்தர உருமாற்றம்) இருந்தால் அபாகஸ் சால்வரில் நான்கு நோடு சி3டி4 வேண்டாம். பிளாஸ்டிக் ஓட்டத்தில் கன அளவு மாறாது. அந்தக் கட்டுப்பாட்டில் இந்த எலிமென்ட் இறுகிப்போய் அதிக அழுத்தம் காட்டும். பத்து நோடு சி3டி10-க்குப் போங்கள். நடு நோடுகளைக் கடைசியில், நேர் விளிம்பின் மையத்தில் சேருங்கள். சொந்த ஸ்க்ரிப்டில் மாற்றுபவர்களுக்கு: ஜிமெஷ் வரிசையின் கடைசி இரண்டு நோடுகளும் அபாகஸில் இடம் மாறியிருக்கும். 9-ஐயும் 10-ஐயும் மாற்றி எழுதுங்கள்.

பிழையே காட்டாத பிழை ஒன்று உண்டு. 6-வது படியில் சின்ன கிரெயின்களை நீக்கினோம். 23-வது போய்விட்டது, பிறகு எண்களை நெருக்கி 1-இலிருந்து மறுபடி எண்ணினோம். திசைக் கோண அட்டவணை மட்டும் பழையபடியே இருக்கிறது. 23-க்குப் பிறகு வரும் ஒவ்வொரு கிரெயினுக்கும் பக்கத்து வரியின் திசை. ஓட்டம் அழகாக முடியும், படமும் வரும், எல்லாம் தப்பு. பழைய எண், புதிய எண் அட்டவணையை எப்போதும் சேமியுங்கள்.

## 12. ஒரே பொருள் சோதனை

உண்மையான படிகப் பண்புகளைக் கொடுக்கும் முன் எல்லா கிரெயினுக்கும் ஒரே சாதாரண எஃகு மாதிரிப் பண்பு கொடுங்கள்: யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3. மூன்று முகங்களில் சமச்சீர் நிபந்தனை, நான்காவதை 0.1 சதவீதம் இழுங்கள், மற்றவற்றைச் சும்மா விடுங்கள்.

ஒவ்வொரு எலிமென்டிலும் இழுக்கும் திசையில் அழுத்தம் 200 மெகாபாஸ்கல் வர வேண்டும். கிரெயின் எல்லையே படத்தில் தெரியக்கூடாது. ஏதாவது ஓர் எல்லை கோடாகத் தெரிந்தால் அங்கே நோடுகள் இரட்டையாக இருக்கின்றன, கிரெயின்கள் ஒட்டவில்லை. சால்வர் பூஜ்ய பிவட் எச்சரிக்கை கொடுத்தால் ஒரு கிரெயின் முழுவதுமே அந்தரத்தில் மிதக்கிறது. நோடுகளை ஒன்றிணைத்துவிட்டு நான்முகிகளின் கன அளவையெல்லாம் கூட்டிப் பாருங்கள். கனசதுரத்தின் கன அளவு அப்படியே வந்தால் படிகப் பண்புகளைக் கொடுக்கத் தொடங்கலாம்.